தூண் இருக்கும் மூலை

குதிரை லொறியில் வந்து இறங்கிய நாளில் ஒழுங்கையில் நின்றவர்கள் எல்லாரும் குதிரையைப் பார்த்தார்கள். என் கணவரின் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள்.

பதினான்கு வருடங்களாக அந்தக் குடும்பத்தில் நான் எங்கே பிறந்தவள் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமி உயிரோடிருந்த காலத்தில், கலியாண வீடுகளில் யாராவது "பிள்ளைக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், நான் வாய் திறக்குமுன் "கண்டிப் பக்கம்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். நான் பிறந்தது நுவரெலியாவுக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றில். என் கணவர் அங்கே ஒரு கட்டட வேலைக்கு வந்த மேசன். பதிவுத் திருமணம் செய்து கிளிநொச்சிக்கு வந்தோம். அவருடைய அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், சுவிஸில் இருந்துகொண்டு நாலு வருடம் எங்களோடு கதைக்கவில்லை. பிறகு உருத்திரபுரத்தில் பெரிய வீடொன்று கட்டினார். கட்டிய வீட்டில் குடியிருக்க ஆள் வேண்டியிருந்தது. அதோடு கோபமும் தீர்ந்தது.

குதிரையை வாங்கி அனுப்பியதே அத்தான்தான். அது வந்த அன்று பின்னேரம் போனில் கேட்டார்.

"பிள்ளை, உம்மட ஆக்கள் குதிரையோட இருந்தவை தானே? உமக்குத் தெரியாததே?"

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். என்னை மெச்சுவதாக நினைத்தார். நான் "ஓம் அத்தான், பாக்கிறன்" என்றேன்.

உண்மையில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். என் அப்பா பந்தயக் குதிரைகளைக் கழுவித் துடைத்து, கொட்டிலில் சாணம் அள்ளியவர். ஒருநாளும் குதிரையில் ஏறியதில்லை. ஏற அவருக்கு அனுமதி இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது, ஏரிக்கரையில் சுற்றுலாக்காரரை ஏற்றும் மட்டக்குதிரைகளைப் பின்னேரத்தில் கொட்டிலுக்குத் திருப்பிக் கொண்டுபோவேன். யாரும் பார்க்காத வளைவில் சேணம் இல்லாத முதுகில் தாவி ஏறிவிடுவேன். பன்னிரண்டு வயதுவரைக்கும் அவ்வளவுதான். அவை களைத்துப்போன, மனிதரில் சலித்துப்போன மிருகங்கள். ரோட்டில் வெடி வெடித்தாலும் தலை நிமிர்த்தாதவை.

இது வேறு. ஒன்பது வயது, செம்மண் நிறம், நெடுத்த கால்கள். பந்தயத்துக்கு உதவாது என்று கழித்துவிட்ட குதிரை. கொண்டுவந்த குதிரைக்காரர் நாலு நாள் தங்கினார். சேணம் போடுகிற விதம், வயிற்று வாரை இறுக்குகிற விதம், கால் வைக்கிற அங்கவடியின் நீளம் எல்லாம் காட்டினார். போகிற அன்று கேற்றடியில் நின்று சொன்னார்:

"அக்கா, இவன் கெட்டவன் இல்ல. மனசுதான் ஒரு எடத்துல நிக்காது. நீங்க மேல இருக்கீங்கங்கிறதையே மறந்துருவான்."

அத்தான் குதிரைக்கு ஒரு பெரிய பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயரால் நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆடி மாதம் லீவில் வந்து குதிரையில் ஏறி வயல் கரையால் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குள் நான் அதைப் பழக்கி வைக்கவேண்டும். என் கணவர் அப்போது கட்டாரில் இருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே நான் சும்மா இருக்கிற ஆள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விசயம்.

பின்வளவு முக்கால் ஏக்கர் இருக்கும். மூன்று பக்கமும் ஆளுயர மதில், வீட்டுப் பக்கம் கம்பி வேலி. வடக்கு மூலையில் ஒரு இரும்புத் தூண். அதன் உச்சியில் கமரா. வீட்டைச் சுற்றி நாலு கமரா இருந்தன. இது மட்டும் குதிரைக்காகப் புதிதாகப் பூட்டியது. தலை திருப்பும். அதில் ஒரு ஸ்பீக்கரும் இருந்தது. அத்தான் சுவிஸில் இருந்து பேசினால் தூணுக்குள் இருந்து குரல் வரும்.

வெயில் ஏறுமுன் காலை ஆறு மணிக்கு ஏறுவேன். கணவரின் பழைய ஜீன்ஸ், மோட்டார் சைக்கிள் ஹெல்மெற். அத்தானுக்கு அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை முடிந்து வந்து, படுக்காமல் போனைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பார்.

முதல் நாளே தெரிந்துவிட்டது குதிரைக்காரர் சொன்னதன் பொருள். மதிலுக்கு மேல் மயில் ஒன்று வந்து குந்தியது. குதிரையின் தலை வானத்துக்குப் போயிற்று. கழுத்து கல்லாகிவிட்டது. என் கால்களுக்குக் கீழே அதன் நெஞ்சு அடிப்பது தெரிந்தது. நான் கடிவாள வாரை இழுத்தேன். ஒரு சுவரை இழுத்தமாதிரி இருந்தது. மயில் பறக்க, குதிரை பக்கவாட்டில் ஒரே பாய்ச்சல். பிடரிமயிரைப் பிடித்துத்தான் தப்பினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்று. வேலியில் காய்ந்துகொண்டிருந்த உரப்பை. ஒழுங்கையால் போகிற லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். ஆறரைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோ. பாண்காரர் பாவம், விசயம் கேள்விப்பட்டு எங்கள் மதில் தாண்டும்வரை பாட்டை நிறுத்திவிடுவார். நிறுத்தியதற்கும் அது வெருளும்.

தூணிலிருந்து அத்தான் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"பிள்ளை, குதிக்காலைக் கீழ விடும்."

"பிள்ளை, விட்டுக்குடுக்காதையும். அவன் பயப்பிடுற இடத்துக்கு முன்னால கொண்டுபோய் நிப்பாட்டும். நான் வீடியோவில பாத்தனான்."

வீடியோவில் பார்த்ததுபோல உரப்பைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். நின்றது. மூக்கு விரிய, உடம்பு நடுங்க, அரை நிமிடம் நின்றது. பிறகு நான் நிலத்தில் இருந்தேன். முதுகில் மண், வாயில் மண். தூண் கத்தியது:

"பிள்ளை! விழுந்திட்டீரோ? அடி பட்டதே?"

குதிரை மற்ற மூலைக்கு ஓடி மதிலோடு ஒட்டி நின்றது. நான் எழும்பி, கமராவைப் பார்த்து, "இல்லை அத்தான், ஒண்டுமில்லை" என்று கைகாட்டினேன். கமரா தலையைத் திருப்பிக் குதிரையைத் தேடியது.

அந்த மாதங்களில் நான் கேற்றுக்கு வெளியே போனது கடைக்கும் கோயிலுக்கும்தான். ஒரு நாளைக்கு மூன்று வேளை புல், இரண்டு வேளை தவிடு, கழுவல், கொட்டில் அள்ளல். என் தங்கையின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று நுவரெலியாவில் இருந்து செய்தி வந்தது. சடங்குக்குப் போக இரண்டு நாள் வேண்டும். குதிரையை யாரிடம் விடுவது? அயலில் கேட்டுப் பார்த்தேன். மாடு பார்ப்போம், குதிரை வேண்டாம் என்றார்கள். கணவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"இஞ்சரும், அண்ணை ஆசையா வாங்கியிருக்கிறார்" என்றார் அவர். "அவற்ற வீட்டிலதானே இருக்கிறம். ஆடி மட்டும் பொறும்."

"நான் ஏழு வருசமா இந்த வீட்டைக் கூட்டிக் கழுவுறன். அதுக்கு மேலால இது."

"தெரியும்" என்றார். "நான் இஞ்ச எட்டுப்பேரோட ஒரு அறையில கிடக்கிறன். என்னை என்ன செய்யச் சொல்லுறீர்?"

எனக்குக் காய்ச்சல் என்று தங்கையிடம் பொய் சொன்னேன். அவள் சடங்குப் படங்களை அனுப்பினாள். குசினியில் நின்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொட்டிலில் குதிரை கதவை உதைத்துக்கொண்டிருந்தது. அதற்குத் தவிடு நேரம்.

வேறு வழியில்லாததால்தான் நான் அதைப் படிக்கத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். மேலே இருந்து பார்க்கும்போது எனக்குத் தெரிவது அதன் இரண்டு காதுகளும்தான். அவை இரண்டும் மதிலுக்கு அப்பால் நிமிர்ந்திருந்தால், நான் என்ன செய்தாலும் அதற்குப் போய்ச்சேராது. ஒரு காது பின்னால் என் பக்கம் சரிந்தால், அந்த நேரம் அது என்னைக் கேட்கிறது. மயிலை நானும் சேர்ந்து பார்த்தால் அது இன்னும் கனநேரம் பார்த்தது. இழுத்தால் இழுத்தது. ஆனால் ஏதாவது வேலை கேட்டால், சின்ன வேலை, இடப்பக்கம் நாலு அடி, நில், ஒரு அடி பின்னால், இப்போது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிக் கேட்டால், மூன்றாவது நாலாவது கேள்விக்குள் ஒரு காது என்னிடம் வந்துவிடும். வந்த உடனே வாரைத் தளர்த்திக் கழுத்தைத் தடவிக் கொடுப்பேன். முக்கியமான விசயம், அது வெருண்ட பிறகு கேட்கக்கூடாது. உரப்பைக்குப் பத்து அடி முன்னரே கேட்கவேண்டும். அதன் மனம் வெளியே கிளம்புவதற்குள் நான் அதன் வாசலில் நிற்கவேண்டும்.

சித்திரை முடிய உரப்பை சரி. மயில் முக்கால்வாசி சரி. லாண்ட்மாஸ்டருக்கு நின்று பார்த்துவிட்டு நடக்கும். வடக்கு மூலை மட்டும் சரிவரவில்லை. தூணுக்கு இருபது அடி கிட்டப் போனால் உடம்பு முழுவதும் மாறிவிடும். அங்கே பாம்புப் புற்று இருக்கிறதோ என்று தேடினேன். பற்றைகளை வெட்டினேன். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு நாயா என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

வைகாசியில் சோளகக் காற்று பிடித்து வீசிய ஒரு நாள், சந்தியடியில் பாலை மரக்கொப்பு முறிந்து கரண்ட் கம்பியில் விழுந்தது. இரண்டரை நாள் கரண்ட் இல்லை. கிணற்றில் கையால் அள்ளித்தான் குதிரைக்குத் தண்ணீர் வைத்தேன்.

இரண்டாம் நாள் காலை ஏறினேன். காற்றில் மரங்கள் எல்லாம் ஆடின. வெருளுவதற்கு ஆயிரம் காரணம் இருந்தது. குதிரை வழமைபோல இரண்டு மூன்று முறை துள்ளியது. நான் பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் நான் என்ன பேசுகிறேன் என்பது என் காதில் விழுந்தது.

"ஏய், இங்க பாருடா. நான் இந்தா இருக்கேன்ல. அங்க என்னத்த பாக்குற? வாடா, வா, மெல்ல, மெல்ல..."

லயத்துப் பேச்சு. என் அம்மாவும் அப்பாவும் பேசிய பேச்சு. கலியாணமாகி வந்த முதல் வருடம், மாமி முகம் சுளிக்காத அளவுக்கு என் பேச்சை மாற்றிக்கொண்டேன். பிறகு அது தானாகவே வந்தது. கனவில்கூட நான் 'ஓம்' என்றுதான் சொல்கிறேன் என்று கணவர் சிரிப்பார். குதிரையோடும் அத்தனை மாதமும் "இஞ்ச வா, நில்லு, பொறு" என்றுதான் கதைத்திருந்தேன். கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதால். அன்று கரண்ட் இல்லாமல் கமரா செத்துக் கிடந்தது, கேட்க யாரும் இல்லை.

அது எப்போது வடக்கு மூலைக்குப் போனது என்று தெரியவில்லை. பார்த்தால் தூண் எங்களுக்கு வலப்பக்கம், கையெட்டும் தூரத்தில். குதிரை கழுத்தைக் கீழே விட்டு, ஒரு காதை என்னிடம் தந்துவிட்டு நடந்துகொண்டிருந்தது. இன்னொரு சுற்று வந்தோம். மற்றப் பக்கமாகத் திருப்பியும் வந்தோம். நான் தூணடியில் அதை நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றி, அதன் பிடரியில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் தூணுக்குக் கிட்ட வந்தபோது கரண்ட் வந்தது. எனக்குத் தெரியாது. 'கிர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம். உச்சியில் ஒரு பச்சைப் புள்ளி. கமரா எங்கள் பக்கம் தலை குனிந்தது.

"பிள்ளை! ரெண்டு நாளாக் காணேல்லை, என்ன நடந்தது?"

குதிரை நின்ற இடத்திலேயே சுழன்றது. நான் தோளும் கையும் முன்னுக்கு அடிபட விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மண்ணில் கிடந்தபடி தூணைப் பார்த்தேன். குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. குதிரை தென்மூலையில் நின்று அந்தத் தூணையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு மாதம் நான் பற்றைக்குள் தேடியது அங்கேதான் இருந்தது.

கிளிநொச்சியில் கைக்குக் கட்டுப் போட்டார்கள். ஆறு கிழமை ஏறக்கூடாது. ஒரு கையால் புல் போட்டேன், ஒரு கையால் தவிடு குழைத்தேன். அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். வீடு அவருடையது. குதிரை அவருடையது. அந்தக் கமராவும் அவருடையது. இதில் உங்களால்தான் கேடு என்று அவருக்குச் சொல்ல நான் யார்? கடைசியில் சொல்லவில்லை. குசினிக்குப் பின்னால் போய் அந்தக் கமராவின் பிளக்கைக் கழற்றினேன்.

"பின்பக்கக் கமரா வேலை செய்யேல்லைப் போல, பிள்ளை."

"தெரியேல்லை அத்தான். பழுதாப்போச்சோ என்னவோ."

ஏழு நாள். ஏறாமல், கயிற்றில் பிடித்துக்கொண்டு, தூணைச் சுற்றி நடந்தோம். நில். ஒரு அடி. பின்னால் ஒரு அடி. தூணடியில் வைத்துத் தவிடு கொடுத்தேன். யாரும் கேட்காத அந்த லயத்துப் பேச்சில் அதோடு பேசினேன். எட்டாம் நாள் காலை கேற்றடியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. கமரா திருத்துகிற பெடியன். அத்தான் அனுப்பியிருந்தார். அவன் தூணைப் பார்த்தான், வயரைப் பிடித்துக்கொண்டு வந்தான், குசினிக்குப் பின்னால் குனிந்தான். எழும்பும்போது போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஒண்டுமில்லை அண்ணை. பிளக் கழண்டு கிடந்தது."

என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான்.

அத்தான் அன்று தூணால் பேசவில்லை. போன் எடுத்தார்.

"பிளக் தானாக் கழண்டதோ, பிள்ளை?"

"இல்லை அத்தான். நான்தான் கழட்டினனான்."

"ஏன்?"

குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவன் உங்கட குரலுக்குத்தான் வெருளுறான், அத்தான். தூணுக்குள்ள இருந்து ஆளில்லாமல் குரல் வருகுது. அது என்னெண்டு அவனுக்கு விளங்கேல்லை." பிறகு, சொல்ல நினைக்காததும் வந்துவிட்டது. "எனக்கும் ஒவ்வொருமுறையும் நெஞ்சு திடுக்கிடுறது."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"எனக்கு நான் உங்க வளவுக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரித்தான் இருக்கிறது" என்றார். "இஞ்ச வேலை முடிஞ்சு வந்தா கதைக்க ஒருத்தரும் இல்லை, பிள்ளை. மனிசிக்கு விடிய எழும்பிப் போற வேலை. பிள்ளையள் வாய் திறந்தா தங்கட பாசை. ஒரு நாளில நான் தமிழ் கதைக்கிறது அந்த ஒரு மணித்தியாலம்தான்."

நான் யன்னலால் தூணைப் பார்த்தேன்.

"சரி" என்றார். "இனிக் கதைக்கேல்லை. பாக்கலாந்தானே?"

"பாருங்கோ அத்தான்."

அவர் வாக்குக் காப்பாற்றினார். ஆனால் கட்டு அவிழ்த்து மறுபடி ஏறியபோது எனக்குப் புதுக்கஷ்டம் ஒன்று தெரிந்தது. குரல் இருந்தபோது அவர் எப்போது பார்க்கிறார் என்பது தெரியும். இப்போது பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது. கமரா சத்தமில்லாமல் எங்களோடு திரும்பியது. எனக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தூணுக்கு இருபது அடி இருக்கும்போதே என் முதுகு விறைத்தது. குதிரை உடனே அதைப் பிடித்துக்கொண்டது. உன் கவனத்தைத் தா என்று நான் அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், என் கவனம் முழுவதும் தூணில்.

இன்னொரு நாள் போன் எடுத்து, கமராவை ஒரு பக்கமாகத் திருப்பி அசையாமல் விடச் சொன்னேன். அதற்கும் சரி என்றார். குரல் களைத்திருந்தது. அவரிடமிருந்து ஒன்றொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

பிறகு வேலை நடந்தது. தூணைப் பார்க்காமல் குதிரையின் காதுகளுக்கிடையே இருக்கும் மண்ணைப் பார்த்தேன். முப்பது அடியில் ஒரு வட்டம், இருபத்தைந்தில் ஒரு வட்டம். நில் என்றால் நிற்கும்வரை வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆடி பிறக்கும்போது நாங்கள் தூணைத் தாண்டித் துள்ளுநடையில் போனோம்.

அத்தான் ஆடி நடுவில் வந்தார். மனைவியும் பிள்ளைகளும் வரவில்லை. அவரை நான் நேரில் பார்த்தது அது மூன்றாம் முறை. நான் நினைத்ததைவிடச் சிறிய மனிதர். குசினியில் நின்று நின்று கால்கள் வளைந்திருந்தன. பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் பின்வளவுக்கு வந்தார். நான் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு வெளியே நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, தான் வைத்த அந்தப் பெரிய பெயரால் கூப்பிட்டார்.

கயிறு என் கையை எரித்துக்கொண்டு ஓடியது. குதிரை பின்னங்காலில் சரிந்து, இழுத்து, என்னையும் கொண்டு பத்து அடி பின்னால் போனது. ஆளைப் பார்க்கவில்லை. அந்தக் குரலுக்கு, வெறுந்தூணைத்தான் திரும்பிப் பார்த்தது.

அத்தானின் கை வேலிக் கம்பியில் இருந்தது. அவர் அதை எடுத்தார். வீட்டுக்குள் போனார்.

மறுநாள் காலை ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து வேலியோரம் போட்டு இருந்தார். பேசவில்லை. தேத்தண்ணி கொடுத்தாலும் தலையைத்தான் ஆட்டினார். இரண்டு கிழமைக்கு மேல் ஒவ்வொரு காலையும் அப்படியே இருந்தார். ஐந்தாறு நாளில் குதிரை கதிரைக்குக் கிட்டப் போய் மணந்து பார்த்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்.

போவதற்கு முதல்நாள் என்னிடம் மெல்லக் கேட்டார், ரகசியம் கேட்கிறமாதிரி. "ஒருக்கா ஏறட்டோ?"

கதிரையில் ஏறி நின்று, மூன்றாம் முயற்சியில் ஏறினார். நான் கயிற்றைப் பிடித்து ஒரு சுற்று நடத்தினேன். பிடரியைப் பற்றிய கைகள் வெளுத்திருந்தன. அவருக்கும் குதிரையென்றால் பயம். நாலு வருடம் என்னோடு பேசாமல் இருந்தவர், தூணுக்குள் இருந்து என்னை நடத்தியவர், என் தலைக்கு மேலே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். குதிரையின் ஒரு காது அவரிடமும் இல்லை, தூணிலும் இல்லை, என்னிடம் இருந்தது.

"போதும் பிள்ளை" என்றார். இறங்கி, கண்ணைத் துடைத்தார். வயல் கரையால் போகிற கதையை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அன்று மத்தியானச் சாப்பாட்டில் உற்சாகமாகிவிட்டார். "தனிய நிக்கிறபடியால்தான் பயப்பிடுறான். அடுத்த வருசம் இன்னொண்டு எடுப்பம். நீர் ரெண்டையும் பாப்பீர்தானே?"

ஓம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"இல்லை அத்தான். இதுக்கே ஒரு ஆள் வேணும். நான் இடைக்கிடை அஞ்சு நாள் ஊருக்குப் போகோணும்."

"எந்த ஊருக்கு?"

"என்ர ஊருக்கு. நுவரெலியாவுக்கு. லயத்துக்கு."

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தச் சொல் அதற்குமுன் விழுந்ததில்லை. அத்தான் கையிலிருந்த கவளத்தைப் பார்த்தார். பிறகு, "ஓம், போகத்தானே வேணும்" என்றார்.

குதிரையைப் பார்க்க ஸ்கந்தபுரத்தில் இருந்து ஒரு ஐயா கிடைத்தார். முன்னர் வண்டில் மாடு வைத்திருந்தவர். தீன் போடுவார், கழுவுவார், ஏறமாட்டார். புரட்டாதியில் நான் ஐந்து நாளுக்கென்று ஊருக்குப் போனேன். வவுனியாவில் பஸ் மாறும்போது திரும்பிப் போய்விடுவோமா என்றுகூட நினைத்தேன். தங்கை ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். நான் பேசியதைக் கேட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா, யாழ்ப்பாணத்துக்காரி மாதிரி பேசுற!"

குதிரையோடு வாய்க்கு வந்த பேச்சு, அவளிடம் எவ்வளவு தேடியும் வரவில்லை. குளிரில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தபோது ஐயா தவிடு போட்டிருப்பாரா என்றுதான் யோசித்தேன். மூன்றாம் நாள் அவர் போன் எடுத்தார். "பிள்ளை, உது ஒண்டையும் தின்னுதில்லை. மதிலையே பாத்துக்கொண்டு நிக்குது. நீர் எப்ப வாறீர்?" நான் நாலாம் நாள் பஸ் ஏறினேன்.

கணவருக்கு வேலை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீண்டிருக்கிறது. அதை அவர் மெல்லிய குரலில் சொன்னார். சரி என்றேன்.

திரும்பி வந்த மறுநாள் சேணம் போட்டேன். எல்லாம் கலைந்திருந்தது. மயிலுக்குத் துள்ளியது, பாண்காரருக்குத் துள்ளியது, தன் நிழலுக்கே ஒருமுறை துள்ளியது. இரண்டு காதும் மதிலுக்கு அப்பால். அங்கே வாய்க்கால் ரோட்டால் யாரோ லாண்ட்மாஸ்டரில் விதைநெல் மூட்டைகளோடு போனார்கள். சத்தம் தேயும்வரை அது பார்த்தது. நானும் பார்த்தேன், இந்தமுறை தெரிந்தேதான் பார்த்தேன். பிறகு வாரைக் கையில் எடுத்து இடப்பக்கம் நாலு அடி கேட்டேன். தரவில்லை. மறுபடி கேட்டேன்.